துணைநின்றவரைத் தேடிய கதை

மாணவர் நலப் பிரிவில் வேலை செய்வது என்றால், ஊரார் பெற்ற பிள்ளைகளின் காய்ச்சலுக்கும் காதலுக்கும் சோதனைப் பயத்துக்கும் அலுவலக நேரத்தில் நேரிலும், அலுவலகம் முடிந்த பிறகு தொலைபேசியிலும் பொறுப்பாக இருப்பது.

திருகோணமலையில், துறைமுகத்துக் கப்பல்கள் யன்னலால் தெரிகிற ஒரு வளாகத்தில் இந்த வேலையைப் பல வருடமாகச் செய்து வருகிறேன். நீங்களும் எங்கேயாவது ஒரு கதிரையில் இருந்து மற்றவர்களின் அலுவல் பார்ப்பவராக இருந்தால், "சின்ன வேலைதான், நீங்களே பார்த்துச் செய்யுங்கோ" என்று மேலிடம் சொல்லும்போது அது எவ்வளவு பெரிய வேலையாக முடியும் என்பதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எனக்கு வந்த சின்ன வேலை ஒரு விருது. மாணவர்கள் படித்து முடிப்பதற்குத் துணையாக நின்ற பணியாளர் ஒருவரை வருடாவருடம் தெரிவுசெய்து பாராட்ட வேண்டும். விரிவுரையாளர், சாரதி, காவலாளி, விடுதிப் பொறுப்பாளர் என்று யாராகவும் இருக்கலாம். அந்த முதல் வருடத்தில் நாங்கள் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

பெயர் வைத்த நாள்

தெரிவுக் குழுவில் நாங்கள் மூன்று பேர். எனக்கு மேலதிகாரியான றிஸ்வான் சேர், கிண்ணியாக்காரர், எதற்கும் குரலை உயர்த்தாதவர். புதிதாக வந்த விரிவுரையாளர் தர்ஷினி, எதையும் உடனே செய்து முடிக்க வேண்டும் என்று நிற்பவர். மூன்றாவது நான். முதல் கூட்டத்தில் ஆளைத் தேடத் தொடங்கலாம் என்று போனால், விருதுக்குப் பெயர் வைத்தால்தான் மற்ற அலுவல் என்று மேலிடத்தில் இருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெயரையும் அவர்களே அனுப்பியிருந்தார்கள்: "மாணவர்தம் கல்விசார் மேம்பாட்டு முன்னெடுப்புகளுக்கு அதிசிறந்த ஒத்துழைப்பு நல்கிய பணியாளருக்கான வருடாந்த விருது."

இந்தப் பெயரைப் பொறிக்க முடியுமா என்று கேட்க, நினைவுச் சின்னம் செய்து கொடுக்கும் கடைக்கு நான் தொலைபேசி எடுத்தேன். கடைக்காரர் என்னை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு, இது பலகையா கதவா என்று கேட்டார். தர்ஷினி சிரித்துவிட்டு "துணைநின்றவர் விருது" என்று ஒரு துண்டில் எழுதி மேசையில் வைத்தார். சேர் அதைப் பார்த்தார், மேலிடத்துப் பெயரையும் பார்த்தார், ஆறிப்போன தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "மேடைக்கு ஆளக் கூப்பிட்டு அந்தப் பேர வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள அவரு பென்சன்ல போயிருவாரு, வதனி. சின்னப் பேரயே வைப்பம்."

மான் ஒன்று போட்டியில்

எழுதித் தரச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் எழுத மாட்டார்கள். சோதனைக்கே அளந்துதான் எழுதுவார்கள். அதனால், யார் உங்களுக்குத் துணையாக நின்றார்கள் என்பதைக் குரல் பதிவாக அலுவலகத் தொலைபேசிக்கு அனுப்புங்கள் என்று அறிவித்தோம். அறிவித்த அன்று பின்னேரமே அது அலறத் தொடங்கியது. ஒருவர் நூலகத்து அக்காவைச் சொன்னார். ஒருத்தி பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் அவளுடைய அம்மா, "முதல்ல சாப்பிட்டிட்டுக் கதை" என்று சத்தம் போட்டார். ஒரு பொடியன் தன் காதலிக்கு அனுப்ப வேண்டிய பதிவை எங்களுக்கு அனுப்பிவிட்டான். தர்ஷினி அதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, பிழை இல்லாத தமிழ் என்று பாராட்டினார்.

இன்னொருவன் கோட்டைப் பக்கம் திரியும் மான் ஒன்றுக்கு விருது கொடுக்கச் சொல்லியிருந்தான். நகரத்து மான்களைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அவை கடைவாசல் வரை வந்து நிற்கும், மனிதருக்கு வழிவிடாது. இது பகிடி என்று நினைத்து, ஒரு சொல்லுச் சொல்லத்தான் அவனைக் கூப்பிட்டேன். அவன் பகிடிவிட்ட ஆள் போலவே இல்லை. விடுதியில் சத்தம் என்று மர நிழலில் போயிருந்து படித்தானாம். அந்த மான் பக்கத்தில் வந்து படுக்குமாம். நான் காரணம் கேட்க, மிகவும் மரியாதையாகச் சொன்னான்: "நான் படிக்கேக்க, 'இன்னும் முடிக்கேல்லையோ' எண்டு கேக்காத ஒரே ஆள் அதுதான், மிஸ்."

எல்லாக் குரலிலும் ஒரே வசனம்

இரண்டாவது கிழமையில் ஒரு மூத்த விரிவுரையாளரின் பெயர் திடீரென்று மளமளவென்று வந்து விழுந்தது. நல்ல மனிதர், பாடமும் நன்றாகத்தான் எடுப்பார். ஆனால் வந்த பதிவுகள் எல்லாம், "எமது வாழ்வின் இருள் அகற்றிய ஒளிவிளக்கு அன்னார்" என்றே தொடங்கின. காலையில் வந்ததும் அதுதான், மத்தியானம் வந்ததும் அதுதான். "அன்னார்" என்ற சொல்லை எங்கள் ஊரில் மரண அறிவித்தலில்தான் கேட்டிருக்கிறோம். ஒரு மாணவி அந்த வசனத்தை வாசித்துவிட்டு, பதிவை நிறுத்த மறந்து, "சரியா வாசிச்சனானோ?" என்று பக்கத்தில் யாரையோ கேட்டது வரைக்கும் எங்களுக்கு வந்து சேர்ந்தது.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று நானும் தர்ஷினியும் முழித்தோம். றிஸ்வான் சேர்தான் அவரைக் கூப்பிட்டு, பால் விடாத பிளேன்ரீயும் கொடுத்து, பிள்ளைகள் தங்கள் சொந்தச் சொல்லில் சொன்னால்தான் குழு கணக்கில் எடுக்கும் என்று பக்குவமாகச் சொன்னார். அவருக்கு முகம் கொஞ்சம் சிவந்தது. ஆனாலும் கோபிக்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு எழும்பியவர் வாசலில் நின்று திரும்பி, உண்மையாகவே அறிய விரும்புகிறவர் போலக் கேட்டார்: "அப்ப, ஆளுக்கு ஆள் வேற வேற வசனம் எழுதிக் குடுத்தால் பரவாயில்லையோ?"

தள்ள ஆள் காணாது

இப்படி வந்தவற்றுக்குள் ஒரு பதிவை நாங்கள் மூவரும் இரண்டாம் தரமும் போட்டுக் கேட்டோம். சாம்பல்தீவில் இருந்து வருகிற கஜனி என்ற பிள்ளையுடையது. அவள் எங்கள் வளாகத்து பஸ் சாரதி சிவராசா அண்ணையின் பெயரைச் சொல்லியிருந்தாள். திரியாயில் தொடங்கி, வழியில் கிராமங்களில் பிள்ளைகளை ஏற்றி, நகரத்துக்குள் பெண்கள் விடுதி வாசலிலும் நின்று வளாகத்துக்கு வருகிற சின்ன பஸ் அவருடையது.

கஜனிக்குக் கணிதப் பாடம் ஒன்று முந்தி ஒரு தரம் சித்தியடையாமல் பிழைத்துப் போயிருந்தது. இந்த முறையும் போனால் வருடமே போய்விடும். மறுபடி எழுத வேண்டிய அன்று காலையில் அவளைப் பயம் பிடித்துக்கொண்டது. போகமாட்டேன் என்று உடுப்பும் மாற்றாமல் வீட்டுப் படியில் இருந்துவிட்டாள். தகப்பன் பேசிப் பார்த்தார், தாய் அழுது பார்த்தார். ஒழுங்கை முகப்பில் பஸ் நின்றது. வழமையாக ஒரு தரம் கோன் அடித்துவிட்டு வெளிக்கிடுகிற சிவராசா அண்ணை அன்று இறங்கி வீட்டுக்கே வந்தார். சோதனையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கதைக்கவில்லையாம். பஸ் நின்றுபோய்விட்டது, பற்றறி இறங்கிவிட்டது, உள்ளே இருக்கிற பிள்ளைகள் தள்ளியும் அசையவில்லை, மற்றவர்களுக்கும் சோதனை, ஒரு கை பிடித்துவிட்டுப் போ என்று மட்டும் கேட்டாராம். மற்றவர்களின் சோதனை கெடக் கூடாதே என்று கஜனி ஓடிப்போய் உடுப்பை மாற்றிக்கொண்டு வந்தாள். எல்லாரோடும் சேர்ந்து தள்ளினாள். பஸ் உறுமிக்கொண்டு வெளிக்கிட, மற்றப் பிள்ளைகள் ஓடி ஓடி ஏற, அவளையும் இழுத்து ஏற்றிவிட்டார்கள். வளாகத்துக்குப் போய்ச் சேருமட்டும் அவளைச் சுற்றி நின்று பாடத்தில் கேள்வி கேட்டுக்கொண்டே போனார்கள். மண்டபத்துக்குள் போனாள், எழுதினாள், சித்தியடைந்தாள். "அண்டைக்கு அந்தப் பற்றறி இறங்காட்டி நான் இண்டைக்கு இங்க இல்லை" என்று பதிவை முடித்திருந்தாள்.

பஸ் பழுதானதாக அலுவலகத்துக்கு ஒரு தகவலும் வந்த ஞாபகம் எனக்கு இல்லை. மத்தியானம் மரத்துக்குக் கீழே சாப்பாட்டுப் பார்சலை விரித்துக்கொண்டிருந்த சிவராசா அண்ணையிடம் போய்க் கேட்டேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு சுற்றிவரப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னார்: "அது புதுப் பற்றறி, தங்கச்சி. முதல் நாள்தான் மாத்தினது. அவளிட்டச் சொல்லிப்போடாதேங்கோ."

சாப்பிட வாங்கோ

சிவராசா அண்ணைக்கே விருது என்று நான் மனதுக்குள் முடிவு கட்டிவிட்ட நேரத்தில்தான் நிலூஷாவின் பதிவு வந்தது. கந்தளாய்ப் பக்கத்து வயல்காரக் குடும்பத்துப் பிள்ளை. இறுதியாண்டுச் சோதனையை அப்போதுதான் எழுதி முடித்திருந்தாள். வந்து சேர்ந்த நாளில் அவளுக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியும். விடுதி அறையில் மற்ற மூவரும் தமிழில் கதைத்துச் சிரிக்க, தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து முகட்டைப் பார்த்தபடி கிடப்பாளாம். முதல் தவணையில் கணக்குப் பாடம் பிழைத்தது. வீட்டுக்குச் சொல்லவில்லை. பையைக் கட்டிக்கொண்டு, நான் படிப்பை விட்டுவிட்டுப் போகிறேன் என்று விடுதிப் பொறுப்பாளர் ஜெஸீமா ராத்தாவின் முன்னால் போய் நின்றாள்.

எல்லாரும் ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடும் அவர் மூதூர்க்காரர். சின்ன வயதில் கந்தளாயில் சில காலம் இருந்ததால் சிங்களம் நன்றாக வரும். அவர் வேண்டாம் என்று தடுக்கவில்லை. போகிறதென்றால் போ மகள், ஆனால் நாளைக்குக் கணவாய்க் கறி, சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். அடுத்த நாள் நிலூஷா மறுபடி பையோடு வந்தாள். வெள்ளிக்கிழமை புரியாணி இருக்கிறது, அதை விட்டுவிட்டா போகிறாய் என்று கேட்டார். அதோடு, விடுதி மணி பழுதாகிவிட்டது, போகும் வரைக்கும் நீ அறை அறையாகப் போய்ச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிடு என்று ஒரு வேலையும் கொடுத்தார். அதற்காகச் சொல்லிக்கொடுத்த "சாப்பிட வாங்கோ" என்பதுதான் அவள் கதைத்த முதல் தமிழ். முதல் நாள் அவள் கூப்பிட்ட விதத்தைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தார்களாம். இரண்டாம் நாள் திருத்தினார்களாம். பிறகு, அவள் வந்து கூப்பிடாவிட்டால் இறங்கி வரமாட்டோம் என்று அடம்பிடித்தார்களாம். அந்த அறைகளில் ஒன்றில் கணக்கு நன்றாகச் செய்கிற ஒருத்தி இருந்தாள். பிழைத்த பாடத்தை இருவரும் சேர்ந்து படித்தார்கள், நிலூஷா சித்தியடைந்தாள்.

மணியை ராத்தா திருத்தவே இல்லை. பை மட்டும் கட்டியபடியே கட்டிலுக்குக் கீழே பல நாள் கிடந்ததாம். ஒரு நாள் ராத்தாவே அவளிடம், என்ன மகள், நாளைக்குப் போறியா இருக்கிறியா என்று கேட்டிருக்கிறார். அதற்கு நிலூஷா தமிழிலேயே பதில் சொன்னாளாம்: "முதல்ல, நாளைக்கு என்ன கறி எண்டு சொல்லுங்கோ ராத்தா."

இரண்டு பேர், ஒரு விருது

இப்போது எங்கள் இக்கட்டு உங்களுக்கு விளங்கும். விருது ஒன்று, ஆட்கள் இரண்டு. அதுவும் சிவராசா அண்ணையும் ஜெஸீமா ராத்தாவும் நேருக்கு நேர் கதைக்காதவர்கள். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. கிராமத்துப் பிள்ளைகளுக்காக ஒழுங்கைக்கு ஒழுங்கை நிற்கிற அண்ணை, விடுதி வாசலில் ஒரு நிமிடமும் கூட நிற்கமாட்டார். வாசலுக்கே பஸ் வருகிற பிள்ளைகளுக்குப் பிந்த என்ன நியாயம் என்பது அவருடைய கட்சி. முப்பது பொம்பிளைப் பிள்ளைகளுக்கு நாலு கண்ணாடிதான், தலை இழுக்க நேரம் வேண்டாமா என்பது ராத்தாவின் கட்சி. பாதி பின்னின தலையோடு பஸ்ஸுக்குப் பின்னால் ஓடின பிள்ளைகளை நானே கண்டிருக்கிறேன். இதனால், ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் இருவரும் காவலாளி மூலம்தான் சொல்லி அனுப்புவார்கள்.

குழுவில் நான் அண்ணை பக்கம், தர்ஷினி ராத்தா பக்கம். இரண்டு பேரும் மாறி மாறிக் கதைத்தோம். கடைசியில் றிஸ்வான் சேர், அண்ணை ஒரு காலையைக் காப்பாற்றினார், ராத்தா ஒவ்வொரு நாளையும் காப்பாற்றியிருக்கிறார் என்று சொன்னார். நானும் ராத்தாவின் பெயருக்குக் கை தூக்கினேன். ஆனால் அண்ணைக்கு இதைச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. அவர் மனம் நோகப்போகிறது, அதுவும் தான் கதைக்காத ஆளுக்குக் கொடுத்துவிட்டார்களே என்று இன்னும் கூடுதலாக நோகப்போகிறது என்று நினைத்து, ஒரு முழு நாள் அவர் கண்ணில் படாமல் திரிந்தேன். அடுத்த நாள், கடற்கரைப் பக்கம் பஸ்ஸை நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் துணியைப் பிழிந்தார், கண்ணாடியை ஒருமுறை துடைத்தார். நிலூஷாவின் கதையை முழுக்கச் சொல்லச் சொல்லிக் கேட்டார். கேட்டு முடித்து, வாளியில் மிச்சமிருந்த தண்ணியைச் சில்லில் ஊற்றினார். பிறகு சொன்னார்: "அந்த மனிசிக்குக் குடுக்காட்டித்தான் எனக்குக் கோவம் வந்திருக்கும், தங்கச்சி."

விழா பிந்தியது

விழா நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. பிரதம விருந்தினர் வந்துவிட்டார், குத்துவிளக்கும் ஏற்றியாகிவிட்டது. ராத்தாவைக் காணவில்லை. விடுதிப் பிள்ளைகளையும் காணவில்லை. அவர்களை ஏற்றி வர வேண்டிய பஸ்ஸையும் காணவில்லை. நிலூஷாவின் தாயும் தகப்பனும் கந்தளாயில் இருந்து வெள்ளனவே வெளிக்கிட்டு வந்து முன் வரிசையில் இருந்தார்கள். மேலிடத்தவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதவில்லை. அலுவலகங்களில் வேலை செய்கிறவர்கள் தாங்களே போட்டுக்கொள்ளுங்கள். அறிவிப்பாளர் தமிழின் பெருமையைப் பற்றிக் கதைத்து முடித்து, திருகோணமலையின் பெருமைக்கு வந்து, சொல்ல ஒன்றும் இல்லாமல் காலநிலைக்கு வந்துவிட்டார்.

அந்த நேரத்தில் பஸ் வந்தது. முதலில் பிள்ளைகள் இறங்கினார்கள். எல்லாருடைய தலையும் அழகாகப் பின்னி, பூ வைத்திருந்தது. நடுவில் பச்சைச் சேலை உடுத்து, முக்காடும் போட்டுக்கொண்டு, கலியாணப் பெண் போலக் கூச்சப்பட்டபடி ராத்தா இறங்கினார். எந்தச் சேலை உடுத்துவது என்று விடுதியே கூடி வாக்கெடுப்பு நடத்தியதில்தான் பிந்தியதாம். பின்னால் வந்த சிவராசா அண்ணையை, நேரத்துக்கு வெளிக்கிடுகிற நீங்களுமா என்று றிஸ்வான் சேர் மெதுவாகக் கேட்டார். அண்ணை ராத்தாவுக்கும் கேட்கும்படியாகவே பதில் சொன்னார்: "அவ இல்லாம வந்து ஆருக்குச் சேர் விருது குடுக்கிறது? ஆறுதலா வாங்கோ எண்டு நான்தான் சொன்னனான்." ராத்தா காவலாளியைத் தேடவில்லை. நேராக அண்ணையைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மேடைப் பக்கம் நடந்தார்.

விருதைக் கையில் வாங்கியபோது கூட ராத்தா அழவில்லை. மேடையால் இறங்கி வரும்போது நிலூஷாவின் தாய் எழும்பிப்போய் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தகப்பன் பக்கத்தில் வந்து, வெயிலில் கறுத்த அந்தப் பெரிய மனிதர், கை கட்டிக்கொண்டு சிங்களத்தில் ஏதோ கேட்டார். ராத்தா சிரிக்கத் தொடங்கி, அப்படியே அழுதுவிட்டார். எங்களுக்கு விளங்கவில்லை. நிலூஷாதான் கண்ணைத் துடைத்தபடி தமிழில் சொன்னாள்: "அப்பா கேக்கிறார் மிஸ், படிப்பு முடிஞ்சுதாம், இனியாவது என்னை வீட்டை கூட்டிக்கொண்டு போக ராத்தா விடுவாவோ எண்டு."

ஒரு பிள்ளை படித்து முடிக்கப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று உண்மையாகத் தேடப்போனால் மேடையில் கதிரை போதாமல் போய்விடும் என்பதால்தான், நான் அறிந்தவரையில், உலகமெங்கும் விருதை ஒருவருக்கு மட்டும் வைத்திருக்கிறார்கள்.